கரையும் வரை

நாகலட்சுமி சிஸ்டர் இரண்டு வெள்ளை மாத்திரைகளையும் ஜெசிந்தாவின் நாக்குக்கு அடியில் போட்டுவிட்டு, "பேசாத, எச்சிலை முழுங்காத, போய் உக்காரு" என்று எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொல்லி, மேசைமேல் அடிக்கத் தொடங்கிய போனை எடுக்கத் திரும்பினாள். அந்தச் சின்ன இடைவெளியில் ஜெசிந்தா நாக்கு நுனியால் ஒரு மாத்திரையைப் பிரித்தெடுத்து மேலே, இடது கடைவாயில், பல் பிடுங்கிய பள்ளத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே தள்ளி வைத்தாள். நாக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும் என்று அவளுக்கே தெரியாது. அது பாட்டுக்குச் செய்துவிட்டது, அவளைக் கேட்கக்கூட இல்லை. கதவை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அதுதான் அவள் இடம். மற்ற எல்லாரும் ஆண்கள். சுவரோரமாகக் கிடந்த நீளமான பெஞ்சுகளில் வாயை மூடிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் மாதிரி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், ஒரு காலத்தில் கட்டிலும் மெத்தையும் போட்டுவைத்திருந்த அறை இது. பவுடர் கேட்டு முறுக்குகிற உடம்பைச் சாந்தப்படுத்தி, ஒரு நாளைக்கு அதை மனுஷ உடம்பாக நடமாட விடுகிற மாத்திரையை இங்கேதான் தருகிறார்கள், தினம் காலையில், கண்ணெதிரே. அது கரைகிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. கசப்பு நாக்கின் அடியில் இறங்க ஆரம்பித்தது. மேலே, கன்னத்தில், இன்னும் கசப்பு வரவில்லை. அங்கே காய்ந்துதான் இருந்தது. காய்ந்தே இருக்கட்டும், எச்சில் அந்தப் பக்கம் போகாமல் தலையைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள், சாய்த்தால் சிஸ்டருக்குத் தெரியுமே என்று நிமிர்ந்துகொண்டாள். நிமிர்ந்ததும் மாவுக்கடையில் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தோமா என்ற யோசனை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. நிறுத்தினோம். நிறுத்தினோமா? உளுந்தை வழித்தது நினைவிருக்கிறது, கையைக் கழுவியது நினைவிருக்கிறது, சுவிட்சில் கை வைத்தது மட்டும் நினைவில் இல்லை. இதெல்லாம் இப்போது எதற்கு? வெளியே ரூபன் உட்கார்ந்திருக்கிறான்.

ரூபன் அவள் புருஷன் டென்னிஸின் தம்பி. காலையில் ஆஸ்பத்திரி கேட்டில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு வெயிலிலேயே நடுங்கிக்கொண்டிருந்தான். முதலில் யாரோ கிழவன் என்று நினைத்துத் தாண்டிப் போனாள். "அண்ணி" என்ற குரல்தான் அவளைத் திருப்பியது. இந்த உலகத்தில் அவளை அண்ணி என்று கூப்பிட அவன் ஒருத்தன்தான் பாக்கி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது, அழுகிறானா உடம்பு அழுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியாத அந்த ஒழுகலை அவளுக்கு நன்றாகத் தெரியும். "நேத்து மத்தியானத்திலேர்ந்து ஒண்ணும் இல்ல அண்ணி. எலும்புக்குள்ள எறும்பு ஓடுது. உனக்கு ரெண்டு குடுக்கறாங்கல்ல? ஒண்ண கன்னத்துல ஒதுக்கிக்க. வெளிய வந்து குடு. ஒண்ணே ஒண்ணு. இனிமே கேக்க மாட்டேன்" என்றான். "நீயே உள்ள வாயேன்டா, டாக்டர் இருக்காரு" என்றாள். "அந்த சிஸ்டர் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? நீ போய்ட்டு வா. நான் இங்கியே கீறேன், எங்கியும் போவ மாட்டேன்." அவள் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். எந்தப் பக்கம் அசைத்தாள்? மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? அவன் முகத்தில் ஒரு சின்ன தெளிவு வந்ததே, அதைப் பார்த்தால் மேலும் கீழுமாகத்தான் அசைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்படியென்றால் நாக்கு செய்தது அதுவாகச் செய்ததில்லை, கேட்டிலேயே சொல்லி வைத்து அனுப்பிய வேலைதான். ஒண்ணே ஒண்ணு. மறுபடி மறுபடி அந்த வார்த்தை மண்டைக்குள் தட்டிக்கொண்டே இருந்தது, ஒண்ணே ஒண்ணு. டென்னிஸும் அப்படித்தான் சொன்னான், ஒண்ணு இல்லை, ஒரே ஒரு இழுப்பு என்று சொன்னான்.

நாக்கு போய் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. மாத்திரை இருந்தது. இந்தப் பல்தான். இந்தப் பல் இருந்த காலத்தில் அவளுக்குப் பவுடர் என்றால் முகத்தில் போடுவதுதான். டென்னிஸ் துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலையில் இருந்தான். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து முதுகு போயிற்று. ஆஸ்பத்திரி, எண்ணெய், புத்தூர்க் கட்டு என்று எல்லாம் பார்த்து எதற்கும் மசியாத வலி ஒரு நாள் திடீரென்று நின்றுபோனபோது அவள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னாள். அடுப்படியில் தீப்பெட்டி சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் கருகி, நடுவில் பழுப்புக் கோடு ஓடி, ஜன்னல் மேட்டில் கிடந்தது. இரவில் கொசுவத்தி கொளுத்தியிருப்பான் என்று நினைத்துக் கூட்டித் தள்ளினாள். எத்தனை நாள் அப்படிக் கூட்டித் தள்ளினாள். பிறகு தெரிந்தது. தெரிந்தபின் அழுதாள், அடித்தாள், அம்மா வீட்டுக்குப் போனாள், அம்மா செத்துப்போனாள், திரும்பி வந்தாள். அம்மாவைப் புதைத்த அந்த மாசம்தான் இந்தக் கடைவாய்ப் பல் வீங்கியது. தாடையிலிருந்து காதுக்கும் காதிலிருந்து உச்சந்தலைக்கும் யாரோ கம்பியை விட்டு இழுக்கிற மாதிரி வலி. மகள் பிரின்சி கைக்குழந்தை, பால் குடிக்க அழுகிறது, இவள் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறாள். டென்னிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் அவன் முகத்தில் இல்லை. இத்தனை வருஷம் கழித்து அந்த முகத்தைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாலும் அதில் இரக்கம்தான் கிடைக்கிறது. அதுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. "இந்தா ஜெசி. ஒரே ஒரு இழுப்பு. வலி போயிடும்" என்றான். வெள்ளித்தாளின் கீழே தீக்குச்சியைக் காட்டினான். பழுப்பு உருகி ஓடிற்று, அதன் பின்னாலேயே புகை ஓடிற்று, அவள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். வலி போய்விட்டது. பல் வலி மட்டுமா போனது? அம்மா செத்த வலி போனது, வாடகை வீட்டுக்காரி பேசிய பேச்சு போனது, பிறந்ததிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. உடம்பு முழுக்க யாரோ வெந்நீர் ஊற்றித் துவட்டிவிட்ட மாதிரி. குழந்தை அழுதது. கேட்டது. ரொம்ப தூரத்தில், வேறு யாரோ வீட்டில், வேறு யாரோ குழந்தை.

பெஞ்சில் யாரோ இருமினான். இருமினால் மாத்திரை தெறித்துவிடும். சிஸ்டர் நிமிர்ந்து முறைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நாக்கின் அடியில் மாவு மாதிரி ஆகிவிட்டது. கன்னத்தில் இருந்ததும் ஓரம் நனைந்து வழுவழுப்பு தட்டத் தொடங்கியிருந்தது, அங்கேயும் கசப்பு ஒரு கோடு போல இறங்கிற்று. சீக்கிரம் கூப்பிட்டால் பரவாயில்லை. முழுசாக இருக்கும்போதே கொண்டுபோய் அவன் உள்ளங்கையில் துப்பிவிடலாம். எச்சிலோடு. துப்பியதை அவன் எடுத்துக்கொள்வான், அருவருப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது அவர்களுக்கு. என்னென்ன போயிற்று. முதலில் தையல் மிஷின் போயிற்று. பிறகு சிலிண்டர். பிறகு பிரின்சியின் காதில் கிடந்த பொட்டுத் தோடு. தூங்குகிற பிள்ளையின் காதிலிருந்து திருகைக் கழற்றும்போது பிள்ளை விழித்துக்கொண்டு, "எங்கம்மா எடுத்துப் போறே?" என்று கேட்கவில்லை, மறு காதையும் திருப்பிக் காட்டியது. மறு காதை. வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். கிரைண்டரை நினைக்கலாம். நிறுத்திவிட்டுத்தான் வந்தோம், நிறுத்தாமலா கல்லை எடுத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை கன்னியாஸ்திரீகள் விடுதிக்குப் போய்ப் பிரின்சியைப் பார்த்தாள். பெண் வளர்ந்துவிட்டது, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தது, வாங்கிப் போன கேக்கை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டது. அந்த நன்றிதான் கேட்க முடியாமல் இருந்தது. இருவரும் விடுதித் தோட்டத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், பேச ஒன்றுமில்லை, வெயில் இதமாக இருந்தது, விடிகாலையிலிருந்து மாவரைத்த அலுப்பு, அவளுக்குக் கண் செருகிவிட்டது. சாதாரணத் தூக்கம், எல்லாரும் தூங்குகிற தூக்கம்தான். ஏதோ ஒரு மெல்லிய கூச்சத்தில் விழித்தாள். அவள் மூக்குக்குக் கீழே பிரின்சியின் ஆள்காட்டி விரல் நின்றுகொண்டிருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. விரலை எடுத்துக்கொண்டு, கேக்கில் ஒட்டியிருந்த தாளை உரிக்கத் தொடங்கியது. எத்தனை நாள் அந்த வீட்டில், நடக்கப் பழகிய காலத்திலிருந்து, சின்ன விரலை அப்படி நீட்டி நீட்டிப் பழகியிருந்தால் இப்போதும் அது தானாகப் போய் நிற்கும். இந்த அறையில் கையும் களவுமாகப் பிடிபட்டால் பேரை அடித்துவிடுவார்கள், மாத்திரை நின்றுவிடும், மாத்திரை நின்றால் நாளை மறுநாள் அவளும் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு. அப்புறம் விடுதியில் உள்ளே விடமாட்டார்கள். அந்த விரல் நீட்டிக்கொண்டே இருக்கும், மேலே மூக்கு இருக்காது.

ஆனால் ரூபன். அவனைக் கணக்கில் சேர்க்காமல் எப்படி? டென்னிஸை ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள், கதவைப் பூட்டி, அடித்து, பட்டினி போட்டு, ஜெபம் சொல்ல வைத்து, பவுடர் இல்லாத உடம்பாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். கன்னம் கூட உப்பியிருந்தது. பிரின்சியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தான். மறுநாளே பழைய ஆட்களைப் பார்த்தான். பழைய அளவையே ஊசியில் ஏற்றினான். உடம்பு பழைய அளவைத் தாங்க மறந்துபோயிருந்தது, அவனுக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற கக்கூஸில் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். கல்லறையில் ரூபன் மண் போட்டான், அவள் மண் போட்டாள். டென்னிஸுக்கு என்ன சட்டை போட்டு அனுப்பினோம்? நீலமா, கோடு போட்டதா? எத்தனை தரம் யோசித்தாலும் அந்தச் சட்டை மட்டும் வர மாட்டேன் என்கிறது. வராததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். மண் போட்ட கை காய்வதற்குள் ரூபனும் அவளும் கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெள்ளித்தாளைப் பிரித்தார்கள். டென்னிஸைக் கொன்றதையே, டென்னிஸுக்காக அழ முடியாமல், இழுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் அவளுக்கே அது நடந்தது. அவளுக்கு நினைவில்லை, அக்கம்பக்கத்தார் சொன்னதுதான். உதடு நீலம் பாரித்துக் கிடந்தாளாம். ரூபன் கன்னத்தில் அறைந்து அறைந்து பார்த்து, பிறகு வாயோடு வாய் வைத்து ஊதி ஊதி, "மூச்சு வுடு அண்ணி, மூச்சு வுடு அண்ணி" என்று தெருவே கூடும்படி கத்தி, மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பெட்டியை இறக்கிப் போட்டுவிட்டு அவளை ஏற்றி மிதித்தானாம். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்தபோது சேலையெல்லாம் மீன் செதில். ரூபன் அவள் காலடியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். இன்றைக்குக் காலையில் கேட்டில் அவன் அதைச் சொல்லவில்லை. அன்னிக்கு நான் ஊதின மூச்சு, இன்னிக்கு நீ ஒண்ணே ஒண்ணு குடு என்று கேட்டிருந்தால், ச்சீ போடா என்று சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதனால்தானோ என்னவோ தலை மேலும் கீழுமாக அசைந்தது.

இருவரும் சேர்ந்துதான் இந்த அறைக்கு முதலில் வந்தார்கள். அவள் தங்கினாள், அவன் போனான், வந்தான், போனான். வந்த ஒரு தடவை இதே போலக் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்றதைச் சிஸ்டர் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும், "உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள். திட்டியிருந்தால் மறுநாளே வந்திருப்பான். அந்த வார்த்தைக்குப் பிறகு வரவில்லை. அதிலிருந்து சிஸ்டர் எல்லாருக்கும் மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நொறுக்கித்தான் வாயில் போடுகிறாள், ஒளிக்க முடியாதபடி. ஜெசிந்தாவுக்கு மட்டும் கொஞ்ச நாளாக முழுசு. "உனக்கு எதுக்குமா நொறுக்கணும், நீ நம்ம ஆளு" என்று சொல்லிப் போட்டாள் முதல் தடவை. அந்த 'நம்ம ஆளு'வை அவள் மாவுக்கடை வரைக்கும் வாயில் வைத்துக்கொண்டே போனாள். இப்போது அதே வாயில், அதற்குப் பக்கத்திலேயே, இது. சரி, கொடுத்துவிட்டால்தான் என்ன ஆகும்? ஒரு நாள். அவன் உடம்பு ஒரு நாள் அடங்கும். அடங்குமா? அவன் நாக்குக்கு அடியிலா வைப்பான்? மூடியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊசியில் ஏற்றுவான். அவன் காலைப் பார்த்தாளே, கெண்டைக்காலில் சுற்றியிருந்த துணி மஞ்சளாக நனைந்திருந்ததே. அந்தக் காலில் இன்னும் ஒரு ஓட்டை. நாளைக்கு மறுபடி கேட்டில் நிற்பான், ஒண்ணே ஒண்ணு. அவள் மறுபடி கன்னத்தில். இவள் கொண்டுவருவாள் என்று தெரிந்தபின் அவன் எதற்கு உள்ளே வரப்போகிறான்? வெளியே போய் அவன் முன்னால் நின்று, வாயிலிருந்து எடுத்து, அவன் கையில் வைக்கும்போது என்ன சொல்வாள்? ஏதாவது சொல்லித்தானே கொடுக்க வேண்டும். அந்த வாசகத்தை அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இந்தா ரூபா. ஒண்ணே ஒண்ணு. வலி போயிடும்.

அது அவள் குரலாக இல்லை. இரக்கம் நிறைந்த, கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத, நன்றாகத் தெரிந்த குரல். தீக்குச்சி உரசுகிற சத்தம்கூட அதன் பின்னால் கேட்டது. டென்னிஸ் அன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவனுக்குள்ளும் இப்படித்தான் இருந்திருக்குமா, பாவமாக, அன்பாக, பொறுக்க முடியாமல்? அவள் நாக்கு மெதுவாக மேலே போயிற்று. பாதி கரைந்து பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மாத்திரையை நுனியால் நெம்பியது. வரவில்லை. மறுபடி நெம்பியது. வந்தது. கீழே, நாக்கின் அடியில், கரைந்துகொண்டிருந்ததோடு சேர்ந்தது. கசப்பு வாய் முழுக்கப் பரவி, கண்ணில் நீராக முட்டியது. துடைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மூச்சுக்கு அவள் இன்னும் கடன்பட்டவள்தான். அது தீராது. இதைக் கொடுத்து அதைத் தீர்க்க முடியாது என்பது மட்டும், கரையக் கரைய, தெளிவாகிக்கொண்டே வந்தது. தெளிவாவது ஆறுதலாக இல்லை.

"ஜெசிந்தா, வா. ஆ காட்டு."

எழுந்து போய் வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கினாள். சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி பார்த்தாள். கன்னத்தைப் பிதுக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடம் எதற்குப் பார்க்க வேண்டும். "சரி, போய்ட்டு வா" என்றாள். கதவு வரை போன ஜெசிந்தா திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், நாளைலேர்ந்து எனக்கும் நொறுக்கியே குடுங்க."

சிஸ்டர் பேனாவை மூடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது, பிறகு கொஞ்சம் பொறுத்துத் திறந்தது. என்ன ஏது என்று கேட்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். 'நம்ம ஆளு' போய்விட்டது என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அது இறங்கிய உடம்பில் அழுகை எழும்பி வர நேரம் பிடிக்கும்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ரூபன் சொன்னபடி எங்கேயும் போகவில்லை. அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, இடுப்பளவில் உள்ளங்கையைக் குழித்து நீட்டினான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள். கொண்டுவந்த வார்த்தை எதுவும் வாயில் இல்லை.

"இல்லடா ரூபா. கரைஞ்சு போச்சு."

அவன் கையை எடுக்கவில்லை. "கரைஞ்சிச்சா, கரைச்சியா?"

"கரைச்சேன்."

அறைவான், அண்ணனைத் தின்னவளே என்று கத்துவான், அன்னிக்கு உன்னைச் சாக விட்டிருக்கணும் என்பான் என்று எல்லாவற்றுக்கும் அவள் தயாராகத்தான் நின்றாள். அவன் குழித்த கையை விரித்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துண்டுக்குள் இழுத்துக்கொண்டான். "நல்லதுதான் அண்ணி. நீயாவது இரு" என்றான். அதற்கு மட்டும் அவள் தயாராக இல்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்தவன் பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுத்தான், வெறும் மஞ்சள் தண்ணீர். அவள் உட்கார்ந்து அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி ஐஸாக இருந்தது, வியர்வை கையில் ஒட்டியது. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள்.

"உள்ள வாடா" என்றாள். "இந்த நடுக்கத்தோடதான் முதல் மாத்திரைக்கு வரணும்னு டாக்டரே சொல்லுவாருல்ல. பவுடர் உடம்புல இருந்தா குடுக்க மாட்டாங்க. இப்ப உனக்கு சுத்தமா இல்ல. இதுதான் நேரம். நாளைக்கு எவனாவது எங்கியாவது உனக்கு ஒண்ணு குடுத்துடுவான். அப்புறம் முடியாது."

"எத்தினி வாட்டி அண்ணி? வந்து வந்து போய்ட்டேனே. அவங்க மூஞ்சில..."

"நான் இன்னிக்கு கன்னத்துல ஒதுக்குனேன்டா. உனக்குத்தான். அப்புறம்தான் கரைச்சேன். நான் சொல்லல, ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் வரேன். நாளைக்கும் பார்க்கணும்."

அவனுக்குப் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. பிறகு, "நீ போ. நான் வரேன்" என்றான்.

நீ போ, நான் வரேன். டென்னிஸ் சொன்னது, அவள் சொன்னது, இந்தப் பெஞ்சுகளில் உட்காருகிற ஒவ்வொருத்தனும் பெண்டாட்டியிடம், தாயிடம், பிள்ளையிடம் சொன்னது. கையைப் பிடித்து இழுக்கலாமா? இழுத்துக்கொண்டு போன யாரும் அங்கே தங்கியதாக அவளுக்குத் தெரியவில்லை, அவளே தானாக வந்துதான் தங்கினாள். நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். எடுக்க முடிந்தது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக, பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் அவன் கேட் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பான், அல்லது நகர மாட்டான், இரண்டையும் அவளால் தாங்க முடியாது.

அறையில் பெஞ்சுகள் காலியாகியிருந்தன. கடைசி ஆளும் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனான். சிஸ்டர் மாத்திரை அலமாரியின் கதவைச் சாத்தி, சாவியைப் பூட்டில் போட்டாள். டாக்டரின் அறையில் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா கதவோரமாக நின்றாள், ஸ்டூலில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவன் வரமாட்டான் என்று ஏதோ ஒரு பைத்தியக்கார எண்ணம். மாவுக்கடையில் தேடுவார்கள். தேடட்டும். சுவரில் பல்லி ஒன்று ஓடி நின்றது. வெளியே ஆம்புலன்ஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், ஒரு குழந்தை. ஒவ்வொரு காலடிச் சத்தமும் வந்து, கதவைத் தாண்டி, அடுத்த வார்டுக்குப் போயிற்று. வராவிட்டால் என்ன செய்வது? வராவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. நாளைக்குக் காலையில் நொறுக்கின மாத்திரையை வாங்கிக்கொண்டு இதே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு நாள் அவன் செத்த செய்தி வரும், அன்றைக்கும் வந்து உட்கார வேண்டும். இவ்வளவுதானா வழி என்பது? இவ்வளவுதான் போலிருக்கிறது.

"யாருக்காகம்மா நிக்கிறே?" என்றாள் சிஸ்டர்.

"ரூபன் சிஸ்டர். வரேன்னான்."

சிஸ்டர் பூட்டில் போட்ட சாவியைத் திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தரையில் விழுந்திருந்த வெயிலை ஒரு நிழல் மறைத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு ரூபன் நின்றான். முகத்தைக் கழுவியிருந்தான், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரவில்லை. சிஸ்டர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்தப் பார்வை எங்கே போய் நிற்குமோ என்று ஜெசிந்தாவுக்கு மூச்சு அடைத்தது. பிறகு சிஸ்டர் கரண்டிகளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டே, காலையிலிருந்து வந்த எல்லாரிடமும் சொன்ன அதே அலுத்த குரலில், "செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வா" என்றாள்.

ரூபன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். செருப்பு இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசிப்பவன் போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வாசலில் கிடந்த சாக்கில் ஒரு காலை வைத்துத் துடைத்தான், மறு காலைத் துடைத்தான், மறுபடியும் முதல் காலைத் துடைத்தான், கெண்டைக்கால் துணி அவிழ்ந்து தொங்கத் தொங்க, அழுத்தி அழுத்தி, தேய்த்துத் தேய்த்து, துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் உள்ளே வந்தான்.